நெல்லில் ஸ்டீராய்டு ஹார்மோனைத் தடுத்தால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: செடிகளுக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன் உண்டு என்கிறார்கள். அதைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் நெல்லில் என்ன மாற்றம் செய்யும்? பயிர் சாயாமல் இருக்க அவற்றைத் தெளிக்கலாமா? புரோப்பிகோனசோல் என்ற பூஞ்சாணக்கொல்லியை அடித்தால் நெல் குட்டையாகும் என்று மருந்துக்கடையில் சொல்கிறார்களே, அது உண்மையா?

முதலில் நேரடியாகப் பதில். அந்த ஹார்மோனைத் தடுத்தால் நெல்லில் இலை நிமிரும், தண்டு குட்டையாகும், மணி சிறுக்கும். முதல் இரண்டும் விவசாயிக்கு வேண்டியவை, மூன்றாவது வேண்டாதது. பயிர் முழுவதும் நனையத் தெளிக்கும் ஒரு மருந்தால் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. அதனால்தான் இந்தத் தடுப்பான்கள் ஆய்வகத்தில் அருமையான கருவியாக இருந்தும் வயலுக்கு வந்து சேரவில்லை. புரோப்பிகோனசோல் பற்றிக் கடையில் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை வைத்துப் பயிரைக் குட்டையாக்கப் பார்ப்பது தவறு. ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

இந்த ஹார்மோன் குடும்பத்துக்குப் பெயர் பிராசினோஸ்டீராய்டு. 1970-ல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் ரேப் என்ற கடுகினப் பயிரின் மகரந்தச் சாற்றில் தண்டை நீளச் செய்யும் ஏதோ ஒன்று இருப்பதைக் கவனித்தார்கள். அது என்னவென்று தெரிய ஒன்பது ஆண்டுகள் ஆயின. தேனீக்கள் சேகரித்த மகரந்தத்தை ஏறக்குறைய 227 கிலோ எடுத்து வடித்து வடித்துச் சுத்தம் செய்ததில் கடைசியில் கிடைத்தது 4 மில்லிகிராம் படிகம். 1979-ல் அதன் அமைப்பு வெளியானபோது அது ஒரு ஸ்டீராய்டு என்று தெரிந்தது. பிராசினோலைடு என்று பெயரிட்டார்கள். நம் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் போன்றவற்றுக்கு இருப்பதைப் போன்ற நான்கு வளைய எலும்புக்கூடு இதற்கும் உண்டு.

இந்தக் கதையில் நெல்லின் பங்கு அதற்கும் முந்தையது. 1960-களிலேயே ஜப்பானில், நகோயாவில், இசுநோகி என்ற மரத்தின் இலைச்சாறு நெல் இலையை வளையச் செய்கிறது என்று கண்டிருந்தார்கள். கிடைத்த பொருள் மிக மிகக் குறைவு என்பதால் அதன் அமைப்பைக் கண்டறிய முடியவில்லை. பிராசினோலைடு வெளிவந்த பிறகுதான் அதுவும் இதே குடும்பம் என்று புரிந்தது. 1982-ல் ஜப்பானிலேயே செஸ்ட்நட் மரத்தில் பூச்சி உண்டாக்கிய முடிச்சுகளிலிருந்து காஸ்டாஸ்டிரோன் என்ற இன்னொரு உறுப்பினரைப் பிரித்தெடுத்தார்கள். நெல்லுக்குள் உண்மையாக வேலை செய்வது இந்தக் காஸ்டாஸ்டிரோன்தான். அதற்கு அடுத்த படியான பிராசினோலைடு வரை நெல் போவதில்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

நெல் இலை வளையும் அந்தச் சோதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தடுப்பான்களைக் கண்டுபிடித்ததே அதன் வழியாகத்தான். நெல் நாற்றை இருட்டில் ஒரு வாரம் போல வளர்க்க வேண்டும். வெளுத்துப்போன அந்த நாற்றில் இரண்டாவது இலையைப் பாருங்கள். கீழே தண்டைச் சுற்றியிருப்பது இலை உறை, மேலே விரிவது இலைத்தாள். இரண்டும் சேரும் இடத்தில் வெளிறிய ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் நடுவில் இருக்கும்படி மேலும் கீழும் சிறிது விட்டு நறுக்கித் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். பிறகு சோதனைக் கரைசலில் இரண்டு நாள் இருட்டில் வைக்கிறார்கள். வெறும் தண்ணீரில் இலைத்தாள் லேசாகத்தான் சாய்ந்திருக்கும். ஹார்மோன் இருந்தால், வளையத்தின் உட்புறச் செல்கள், அதாவது தண்டைப் பார்த்திருக்கும் பக்கத்துச் செல்கள், நீண்டு புடைத்து இலையை வெளியே தள்ளும். அளவு கூடக் கூடக் கோணம் கூடும். செங்கோணத்தையும் தாண்டி இலை கீழ்நோக்கித் தொங்கிவிடும். ஒரு மில்லிலிட்டரில் நானோகிராம் கணக்கில் ஹார்மோன் இருந்தாலே காட்டிக்கொடுக்கும் சோதனை இது. கோணமானி ஒன்று போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

இதையே திருப்பிப் போட்டால் தடுப்பானைத் தேடும் சோதனை ஆகிவிடும். ஹார்மோன் கொடுத்தும் இலை வளையவில்லையென்றால் கரைசலில் தடுக்கும் பொருள் ஏதோ இருக்கிறது. 1990-களின் நடுவில் இப்படித்தான் கேஎம்-01 என்ற பொருளை ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்தார்கள். ஆனால் இந்தத் துறையைப் புரட்டிப் போட்டது 2000-த்தில் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் ததாவோ அசாமியும் ஷிகெயோ யோஷிதாவும் அவர்கள் குழுவும் வெளியிட்ட பிராசினசோல்.

பிராசினசோல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மருந்துக்கடைக் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். செடி இந்த ஹார்மோனை கேம்பெஸ்டிரால் என்ற தாவரக் கொழுப்பிலிருந்து படிப்படியாகச் செய்கிறது. அந்தப் படிகளில் பலவற்றைச் செய்வது பி450 வகை நொதிகள். இந்த நொதிகளின் நடுவில் ஹீம் என்ற அமைப்பும் அதன் மையத்தில் ஓர் இரும்பு அணுவும் இருக்கும். ஆக்சிஜன் வந்து உட்கார்ந்து வினை நடக்கும் இடம் அந்த இரும்புதான். டிரையசோல் வளையம் கொண்ட வேதிப்பொருளில் மூன்று நைட்ரஜன் அணுக்கள் உண்டு. அதில் ஒன்று போய் இரும்பைப் பற்றிக்கொண்டால் ஆக்சிஜனுக்கு இடமில்லை, நொதி நின்றுவிடும். பிராசினசோல் இப்படிப் பிடிப்பது டுவார்ஃப்4 என்ற நொதியை. ஸ்டீராய்டின் 22-வது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் சேர்ப்பது அதன் வேலை. அந்தப் பாதையில் எல்லாவற்றையும் விட மெதுவாக நடக்கும் படி அதுதான். அதனால் அங்கே கை வைத்தால் உற்பத்தி முழுவதுமே சுருங்கிவிடும்.

இப்போது பூஞ்சைக்கு வருவோம். பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் வேண்டும். அதைச் செய்யும் வழியிலும் ஒரு பி450 நொதி இருக்கிறது. புரோப்பிகோனசோல், ஹெக்சகோனசோல், டெபுகோனசோல் எல்லாம் அந்தப் பூஞ்சை நொதியின் இரும்பைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட டிரையசோல் மருந்துகள். நெல்லின் மரபணுத் தொகுதியிலோ முந்நூறுக்கு மேல் பி450 நொதிகள் இருக்கின்றன. பூஞ்சைக்கு என்று அடித்த டிரையசோல் அவற்றில் ஒன்றிரண்டிலும் போய் ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. அது எந்த நொதியில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்துத்தான் விளைவு. தண்டை நீட்டும் இன்னொரு ஹார்மோன் ஜிப்ரெல்லின். அதைச் செய்யும் பாதையில் ஒட்டுவது பாக்லோபியூட்ரசால், யூனிகோனசோல். மாமரத்தில் பூ பிடிக்க வேரில் ஊற்றுகிறார்களே, அந்தப் பாக்லோபியூட்ரசால்தான். பிராசினோஸ்டீராய்டு பாதையில் ஒட்டுவது பிராசினசோல். புரோப்பிகோனசோலும் இரண்டாவது பாதையில் வேலை செய்கிறது என்று 2012-ல், ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறிய கடுகினச் செடியிலும் மக்காச்சோளத்திலும் காட்டினார்கள். பிராசினசோல் விலை கூடியது, கிடைப்பதும் அரிது. புரோப்பிகோனசோல் மூலைக்கு மூலை கிடைக்கும். ஆகவே அதற்குப் பிறகு பல ஆய்வகங்கள் பிராசினசோலுக்குப் பதில் இதையே பயன்படுத்தத் தொடங்கின. ஃபெனாரிமால் என்ற இன்னொரு பூஞ்சாணக்கொல்லியும் இதே வேலையைச் செய்கிறது என்று 2015-ல் தெரிந்தது. டிரையசோல் வளையமே இல்லாத பொருள் அது. இரும்பைப் பிடிக்க நைட்ரஜன்தான் முக்கியம், வளையத்தின் பெயர் முக்கியமில்லை.

ஒரு மருந்து இந்த ஹார்மோனைத்தான் தடுக்கிறது, வேறெதையும் அல்ல என்று எப்படித் தெரியும்? குட்டையான செடிக்கு வெளியிலிருந்து பிராசினோலைடு கொடுத்துப் பார்ப்பார்கள். தடுப்பான் அடைத்தது உற்பத்தியைத்தான். தயாரான பொருளை வெளியிலிருந்து கொடுத்தால் அடைப்பைத் தாண்டிப் போய்விடும், செடி தேறிவிடும். ஜிப்ரெல்லின் வகையான ஜிப்ரெல்லிக் அமிலம் கொடுத்துத் தேறாமல் பிராசினோலைடு கொடுத்து மட்டும் தேறினால் அது இந்தப் பாதையின் தடுப்பான். எந்த ஆய்வுக் கட்டுரையையும் படிக்கும்போது இந்த மீட்புச் சோதனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் ‘மருந்து அடித்தோம், செடி குட்டையானது, ஆகவே இந்த ஹார்மோன்’ என்று எழுதியிருந்தால் நான் நம்புவதில்லை. செடியைக் குட்டையாக்க நூறு வழி இருக்கிறது, விஷமும் அதில் ஒன்று.

சரி, நெல்லில் என்ன ஆகிறது? தடுப்பான் கொடுத்த நாற்றில் முதலில் கண்ணில் படுவது இலைக்கோணம். இலைகள் தண்டை ஒட்டி ஈட்டி போல நிமிர்ந்து நிற்கும். அடுத்தது உயரம். கடுகினச் செடிகளைப் போல நெல் உடனே ஒடுங்கிவிடாது, கொஞ்சம் பிடிவாதமான பயிர். ஆனாலும் இலை உறையும் இலைத்தாளும் குறுகும், இலை தடித்துக் கரும்பச்சையாகத் தெரியும். இருட்டில் வளர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் துல்லியமாக விளங்கும். சாதாரண நெல் இருட்டில் வெளிச்சத்தைத் தேடி விதைக்கும் முதல் கணுவுக்கும் இடைப்பட்ட பகுதியை நீட்டிக்கொண்டே போகும். இந்த ஹார்மோன் இல்லாத நெல் அப்படி நீட்டுவதில்லை.

மருந்தை முழுப் பருவத்துக்கும் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் வளர்ந்த பயிரில் என்ன ஆகும் என்பதற்குச் சடுதிமாற்ற வகைகளே, அதாவது மரபணு மாறிப் பழுதான நெல் வகைகளே, நல்ல சாட்சி. நகோயா பல்கலைக்கழகத்தின் மகோத்தோ மத்சுவோகா குழு 2000-த்தில் டி61 என்ற குட்டை நெல்லை ஆராய்ந்தபோது, அதில் பழுதானது பிராசினோஸ்டீராய்டை உணரும் ஏற்பி என்று தெரிந்தது. அந்த ஏற்பி செல்லின் வெளிச்சவ்வில் இருக்கிறது. மனித ஸ்டீராய்டு ஹார்மோன்களின் வழக்கமான ஏற்பிகள் செல்லுக்கு உள்ளே இருக்கும், செடியில் ஏற்பாடு வேறு. பிறகு டி2, டி11, பிஆர்டி1 என்று ஹார்மோனைச் செய்யும் நொதிகளே பழுதான வகைகளும் வரிசையாக வந்தன.

இந்தக் குட்டை நெல்களின் தண்டை நீளவாக்கில் பிளந்து பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஜிப்ரெல்லின் குறைந்த நெல்லில் எல்லாக் கணுவிடைகளும், அதாவது கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட துண்டுகளும், கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்கும். பிராசினோஸ்டீராய்டு லேசாகக் குறைந்த நெல்லிலோ மேலிருந்து இரண்டாவது கணுவிடை மட்டும் தனியாகச் சுருங்கியிருக்கும். மற்றவை ஓரளவு நீண்டிருக்க, அந்த ஒன்று மட்டும் சில மில்லிமீட்டராக ஒடுங்கி நிற்கும். ஏன் அந்த ஒன்று மட்டும் என்பதற்கு முழுமையான விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. பற்றாக்குறை கடுமையானால் எந்தக் கணுவிடையும் நீளாது. பிஆர்டி1 நெல் அப்படித்தான், முறுக்கிய விறைத்த இலைகளோடு தரையை ஒட்டிக் கிடக்கும். அதிலிருந்து விளைச்சலை எதிர்பார்க்க முடியாது.

மணியிலும் இதே தாக்கம் உண்டு. டி2, டி11, டி61 எல்லாவற்றிலும் நெல்மணி நீளம் குறைந்து உருண்டையாக இருக்கும். மணியின் அளவைத் தீர்மானிப்பது உமி. உமிச் செல்கள் நீளவும் பெருகவும் இந்த ஹார்மோன் வேண்டும். உமி சிறுத்தால் உள்ளே அரிசி வளர இடமில்லை, எவ்வளவு உரம் போட்டாலும் அந்தக் கூட்டைத் தாண்டி அது வளராது.

இங்கேதான் 2006-ம் ஆண்டின் இரண்டு ஜப்பானிய ஆய்வுகள் முக்கியமாகின்றன. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் நெல் விவசாயத்தோடு நேரடியாகப் பேசும் வேலை இவைதான். நிமிர்ந்த இலைகள் இருந்தால் மேலிலைகள் கீழிலைகளை மறைக்காது, வெயில் அடிவரை இறங்கும். அப்படியானால் நெருக்கி நடலாம். இது பயிர் வளர்ப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்ததுதான். தோக்கியோ பல்கலைக்கழகத்தின் தொமோஅகி சகாமோத்தோ குழு, டுவார்ஃப்4 நொதி மட்டும் பழுதான ஒரு நெல்லை எடுத்துக்கொண்டது. நெல்லில் இந்தப் படியைச் செய்ய இரண்டு நொதிகள் உண்டு: டுவார்ஃப்4 ஒன்று, டி11 இன்னொன்று. டுவார்ஃப்4 போனாலும் டி11 பெரும்பாலான வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால் இலை மட்டும் நிமிர்ந்தது, மணி சிறுக்கவில்லை. அந்த நெல்லை நெருக்கி நட்டபோது கூடுதல் உரம் இல்லாமலே விளைச்சல் கூடியது. அதே ஆண்டில் மத்சுவோகா குழு ஏற்பியைப் பாதியளவு மட்டுப்படுத்திய நெல்லில், நெருக்கி நட்டால் சாதாரண நெல்லை விட சுமார் 30 சதவீதம் அதிக விளைச்சல் வரும் என்று மதிப்பிட்டது. ஏற்பி கூடுதலாகப் பழுதான டி61 வகை ஒன்றில் தழை எடை கூடியும் மணி சிறுத்ததால் அந்தப் பயன் தானியமாக மாறவில்லை.

2008-ல் வந்த ஒரு ஆய்வு இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. 22-வது கார்பனில் வேலை செய்யும் அதே வகை நொதியை நெல்லில் கூடுதலாக உற்பத்தியாகும்படி செய்தார்கள், அதுவும் தண்டு, இலை, வேர் போன்ற குறிப்பிட்ட பாகங்களில் மட்டும். செடிக்குச் செடி விளைச்சல் 15 முதல் 44 சதவீதம் வரை கூடியது. ஹார்மோனைக் குறைத்தாலும் விளைச்சல் கூடுகிறது, கூட்டினாலும் கூடுகிறது. முரண்பாடாகத் தோன்றும், ஆனால் இல்லை. இலையும் உறையும் சேரும் அந்த வளையத்தில் ஹார்மோன் குறைவாக வேண்டும். கதிரிலும் உமியிலும் நிறைய வேண்டும். எந்த இடத்தில் கூட்டினோம், எந்த இடத்தில் குறைத்தோம் என்பதுதான் விஷயம். மரபணு வழியாக இடம் பார்த்துச் செய்யலாம். தெளிப்பானிலிருந்து விழும் துளிக்கு இலை எது கதிர் எது என்று தெரியாது.

அளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நெல்லில் இந்த ஹார்மோன் இயல்பான அளவில் இருக்கும்போது ஜிப்ரெல்லின் உற்பத்தியைத் தூண்டித் தண்டை நீட்டுகிறது. மிதமிஞ்சிக் கொடுத்தால் ஜிப்ரெல்லினை அழிக்கும் நொதியைத் தூண்டிவிட்டுத் தண்டை ஒடுக்குகிறது. 2014-ல் சீன ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக்கினார்கள். ஆகவே ‘இந்த ஹார்மோன் அடித்தால் வளரும், தடுத்தால் குறுகும்’ என்ற நேர்க்கோட்டுக் கணக்கு நெல்லில் செல்லாது.

பயிர் சாய்வதற்கு வருவோம். ஜப்பானில் கொஷிஹிகாரி போன்ற சாயும் இரகங்களுக்காகவே குட்டையாக்கும் மருந்துகள் பதிவாகின: இனாபென்ஃபைடு, யூனிகோனசோல், பாக்லோபியூட்ரசால், புரோஹெக்சாடியோன் கால்சியம். நான்குமே ஜிப்ரெல்லினைத் தடுப்பவை. வயலுக்கு வந்த மருந்துகளில் பிராசினோஸ்டீராய்டைக் குறிவைத்தது ஒன்றுகூட இதில் இல்லை. சீனாவில் நாற்றங்காலில் நாற்று நெட்டையாகாமல் இருக்கப் போடுவதும் பாக்லோபியூட்ரசால்தான். பசுமைப் புரட்சியின் அடையாளமான ஐஆர் 8, 1966-ல் பிலிப்பைன்சில் வெளியானது. அதைக் குட்டையாக்கியதும் ஜிப்ரெல்லின் செய்யும் ஒரு மரபணுவின் பழுதுதான் என்று 2002-ல் தெரிந்தது. தண்டு குறுகினாலும் மணி கெடாத வழி அது. அதனால்தான் அது வென்றது. பிராசினோஸ்டீராய்டு வழியில் பயிரான குட்டை என்றால் ஜப்பானில் பல காலம் விளைந்த உசு பார்லியைச் சொல்லலாம். அதன் ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மிக லேசான பழுது என்பதால் அது பயிராக நின்றது.

இப்போது தமிழ்நாட்டு வயலுக்கு. இங்கே புரோப்பிகோனசோல் நெல்லுக்குப் போவது பெரும்பாலும் நெற்பழ நோய்க்கு, லட்சுமி நோய் என்றும் சொல்வார்களே, அதற்கு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை 25 சதவீத மருந்து எக்டருக்கு 500 மில்லி, கண்ணாடி இலை என்ற கடைசி இலை வரும் பருவத்தில் ஒரு முறையும் பாதிப் பூ வந்ததும் ஒரு முறையும். ஏக்கருக்கு 200 மில்லி என்று வரும். 200 லிட்டர் தண்ணீரில் கலந்தால் லிட்டருக்கு 1 மில்லி. அதில் உள்ள வீரியப்பொருள் 250 மில்லிகிராம். இதை மூலக்கூறு எடையால் வகுத்தால் ஏறக்குறைய 730 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு இது). ஆய்வகத்தில் அராபிடாப்சிஸ் செடியைக் குட்டையாக்கச் சில மைக்ரோமோலாரே போதும். கணக்குப்படி பார்த்தால் வயலில் அடிப்பது நூறு மடங்குக்கும் மேல். பிறகு ஏன் வயல் முழுவதும் நெல் ஒடுங்கிப் போவதில்லை?

காரணம், ஆய்வகத்தில் வேர் நாள்கணக்கில் மருந்திலேயே ஊறிக்கிடக்கிறது. வயலில் இலைமேல் துளியாக விழுவதில் ஒரு பகுதி வழிந்து தரைக்குப் போகிறது, ஒரு பகுதி இலைப்பரப்பிலேயே தங்குகிறது. உள்ளே போனதும் சாற்றோட்டத்தோடு மேல்நோக்கி இலை நுனிக்குத்தான் நகரும். கீழே வளர்ந்துகொண்டிருக்கும் கணுக்களுக்கு அதிகம் இறங்காது. தவிர, கண்ணாடி இலை வெளிவந்த பிறகு பெரும்பாலான இலைகளின் கோணமும் கீழ்க் கணுவிடைகளின் நீளமும் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. நீள வேண்டிய மிச்சம் மேல் கணுவிடைகளும் கதிர்க்காம்பும்தான். பரிந்துரைத்த அளவில் பயிர் அதைத் தாங்கிக்கொள்ளும். நோயைத் தடுத்த நன்மையும் மேலோங்கும். ஆனால் இன்னும் குட்டையாகட்டும் என்று அளவைக் கூட்டினால் முதலில் அடிவாங்குவது அந்தக் காம்பு. கதிர் முழுதாக வெளியே வராமல் உறைக்குள்ளேயே பாதி சிக்கிக்கொள்ளும். சிக்கிய மணிகள் பதராகும். சாய்வதைத் தடுக்கப் போய் கதிரை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எச்சம். பூப்பருவத்தில் தேவைக்கு மேல் அடிக்கும் டிரையசோல் அறுவடை வரை கொஞ்சம் தங்கும். 2023-ல் பஞ்சாப் அரசு பாசுமதி நெல்லில் 10 மருந்துகளை 60 நாளுக்குத் தடை செய்தது. ஏற்றுமதியில் எச்சம் பிடிபடுகிறது என்பதுதான் காரணம். அந்தப் பத்தில் புரோப்பிகோனசோலும் ஹெக்சகோனசோலும் உண்டு. நோய்க்கு என்று தேவைப்படும்போது அடிப்பது வேறு, உயரத்தைக் குறைக்க என்று பதிவில் இல்லாத வேலைக்கு அடிப்பது வேறு. அதே பட்டியலில் டிரைசைக்ளசோலும் இருந்தது. பெயர் ஒத்திருப்பதால் குலை நோய்க்கு அடிக்கும் அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது பூஞ்சையின் மெலனின் உற்பத்தியைத் தடுப்பது, பூஞ்சையின் ஸ்டீராய்டில் கை வைப்பதில்லை.

சாய்வதுதான் உங்கள் கவலை என்றால் இந்த ஹார்மோனுக்கு வெளியே எளிய வழிகள் இருக்கின்றன. தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். சாம்பல்சத்தைக் குறைக்காதீர்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் வேர் இறங்கும், அடித்தண்டு தடிக்கும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயரமான இரகத்துக்கு யூரியாவை அள்ளி வீசிவிட்டுப் பிறகு குட்டையாக்க மருந்து தேடுவதில் பொருளில்லை. குறுவை அறுவடை நேரத்து மழையில் படுத்த பயிரைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த ஹார்மோனைத் தடுப்பதில் எதிர்பாராத நன்மையும் ஒன்று உண்டு, அது வேரில் வெளிப்பட்டது. 2003-ல் ஜப்பானில் பிராசினோலைடு கொடுத்த நெல் குலை நோயையும் பாக்டீரியா இலைக்கருகலையும் நன்றாகத் தாங்கியதாகக் கண்டார்கள். அப்படியானால் ஹார்மோன் நல்லது என்று தோன்றும். 2012-ல் பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தில் செய்த வேலை அதற்கு மறுபக்கத்தைக் காட்டியது. வேரைத் தாக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிர் நெல்லின் இந்த ஹார்மோன் பாதையையே தனக்குச் சாதகமாக்கி வேரின் எதிர்ப்பை மட்டுப்படுத்துகிறது. அங்கே பிராசினசோல் கொடுத்தபோது வேர் நோயைத் தாங்கியது. வேர் முடிச்சு நூற்புழுவிலும் அளவைப் பொறுத்து விளைவு மாறுகிறது. குறைந்த அளவு ஹார்மோன் வேரைப் பலவீனமாக்குகிறது, அதிக அளவு காப்பாற்றுகிறது. ஒரே ஹார்மோன், ஒரே பயிர். இலைக்கும் வேருக்கும் சிறிய அளவுக்கும் பெரிய அளவுக்கும் பதில் வேறு வேறு. இதைப் படித்த பிறகுதான் முழுப் பயிரிலும் தெளிக்கும் தடுப்பான் மேல் எனக்கிருந்த ஆசை அடியோடு குறைந்தது.

கடைசியாக ஒரு விஷயம், இதைக் கேட்பவர்கள் அதிகம். ஹோமோபிராசினோலைடு என்ற பெயரில் 0.04 சதவீதக் கரைசலாக வளர்ச்சி ஊக்கி கடைகளில் கிடைக்கிறது. அது இதே ஹார்மோன் குடும்பத்தின் செயற்கை உறவினர். டிரையசோல் மருந்து அடித்த வயலில் அதை அடித்தால் வீணாகுமா என்றால், வேதியியல்படி வீணாகாது. டிரையசோல் அடைப்பது உற்பத்திப் பாதையை. வெளியிலிருந்து வரும் ஊக்கி அந்தப் பாதையின் கடைசிக்கு அருகில் நேராகப் போய் ஏற்பியில் ஒட்டும். ஆய்வகத்து மீட்புச் சோதனையும் இதையேதான் காட்டுகிறது. ஆனால் இரண்டையும் ஒரே டேங்கில் கலப்பது வேறு கேள்வி. இரண்டு புட்டிகளின் சீட்டிலும் கலக்கலாம் என்று இருந்தால் மட்டும் கலக்குங்கள், இல்லையென்றால் தனித்தனியாக, சில நாள் இடைவெளி விட்டு அடியுங்கள்.